அறிய நூல்கள் அறை

நான் முதன்முதலாக அந்த நூலகத்துக்குள் போன அன்று, நூலகர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"படிக்கத்தான் சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய சாப்பாட்டு டப்பாவில் பாதியைக் கேட்டுவிட்டதுபோல முகம் சுருங்கியது. "படிக்கன்னா... எதை?"

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு ஒத்தக்கடையில். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இனி எனக்கென்று ஏதாவது செய்யலாம் என்று பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தேன். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் மிஷனரிகள் நடத்திய பழைய பெண்கள் பள்ளிகள்தான் ஆய்வுப் பொருள். இந்த மாதிரி விஷயத்துக்கு மற்றவர்கள் கடல் தாண்டிப் போகிறார்கள், நமக்கு ஒரு டவுன் பஸ் போதும் என்று அந்த வயதிலும் ஒரு வெள்ளந்தியான சந்தோஷம் எனக்கு இருந்தது.

பல்கலைக்கழக நூலகம் பெயர்பெற்றதுதான். நூறு வருஷத்தைத் தாண்டிய செங்கல் கட்டடம். பாதிரிமார் கப்பலில் கொண்டுவந்த புத்தகங்கள், ஜமீன் வீடுகளில் கழித்துக்கட்டிய ஓலைச்சுவடிகள், என்றோ நின்றுபோன பத்திரிகைகளின் கட்டுகள், கையால் எழுதிய பதிவேடுகள் எல்லாம் மாடியில் ஓர் அறையில் இருந்தன. அறைக்கு இரண்டு பூட்டு. அந்த அறையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் உண்டு. படத்தில் நூலகர் இருக்கிறார். புத்தகங்கள் அவருக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகின்றன.

"நான் சார்ஜ் எடுத்து இருபது வருசம் ஆச்சு மேடம்" என்றார் அவர். "இங்க ஒரு புத்தகம் தொலஞ்சதில்ல. ஒரு பக்கம் கிழிஞ்சதில்ல."

நான் மனதாரப் பாராட்டினேன். புத்தகம் யார் கைக்காவது போனால்தானே தொலைவதற்கும் கிழிவதற்கும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

எனக்கு வேண்டியதை அன்றே கண்டுபிடித்துவிட்டேன். கீழ்த்தளத்தில் ஒரு மர அலமாரி நிறைய அட்டைப் பட்டியல்கள் இருந்தன. கம்ப்யூட்டர் வந்ததும் அந்த அலமாரியைத் தூக்கிப்போட நினைத்து, கனம் தாங்காமல் அங்கேயே விட்டுவிட்டார்களாம். அதில் மஞ்சளாகிப்போன ஓர் அட்டை. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை தன் கையால் எழுதிய நாட்குறிப்பு, ஒரு தொகுதி, மாடி அறை. அதை இரண்டு தடவை படித்தேன். அந்தக் காலப் பள்ளிகளைப் பற்றித் துரைமார் எழுதியது நிறைய உண்டு. ஓர் உள்ளூர் டீச்சரம்மாவே எழுதியது என்று நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். நெறியாளர் கடிதம் வேண்டும் என்றார் நூலகர். வாங்கி வந்தேன். துறைத்தலைவர் கடிதம் என்றார். அதுவும் வந்தது. பதிவாளர் கையெழுத்து என்றார். அதற்கு ஒன்றரை மாதம். பிறகு புகைப்படம் பழசாக இருக்கிறது என்றார். எனக்கு வேறு முகம் இல்லை சார் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. புதுப் படம் எடுத்துக் கொடுத்தபோது மாடியில் கரையானுக்கு மருந்து அடித்திருந்தார்கள். மருந்து வாடை போனதும் இரண்டாவது பூட்டின் சாவி யாரிடம் என்ற கேள்வி எழுந்தது. சாவி கிடைத்ததும் ஸ்கேனர் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கப் போறோம் மேடம். நீங்க வீட்டுல உக்காந்து, காப்பி குடிச்சுக்கிட்டே பாக்கலாம். அதுவரைக்கும் ஒரிஜினலத் தொடக்கூடாது."

அந்த ஸ்கேனரை நானே பார்த்தேன். ஆயுத பூஜையன்று பூசிய சந்தனமும் குங்குமமும் காயாமல் பளிச்சென்று இருந்தன. மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. அது அதுவரை ஸ்கேன் செய்தது நூலகர் மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் ஒன்றைத்தான் என்று அட்டெண்டர் அக்கா சொன்னார்.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். ஒத்தக்கடையில் நான் ஏறும்போது ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். நூலகத்தில் பெருக்குவது, தூசி தட்டுவது, புத்தகத்தை எடுத்து வைப்பது எல்லாம் அவர்தான். மாடி அறையில் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். பதவிப் பட்டியலில் அவர் பெயர் கடைசி.

"அக்கா, அந்த நோட்டு நெசமாவே இருக்கா?" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"இல்லாம எங்க போகும்? தெக்குச் செவுத்து அலமாரில, மூணாந்தட்டு. செவப்பு அட்டை. நாந்தேன் வருசா வருசம் தொடைக்கிறேன்."

"அப்ப ஏன் தர மாட்டேங்கிறாரு?"

"குடுத்தா எடுத்தாரணும், திருப்பி வாங்கணும், எழுதணும், வைக்கணும். எம்புட்டு வேலை!" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி தூங்கிப்போனார்.

இப்படி எட்டு மாதம். வாரத்துக்கு ஒருநாள், பள்ளி முடிந்து ஓட்டமும் நடையுமாகப் போவேன். நூலகர் மரியாதையாக உட்காரச் சொல்வார். சில நாள் டீகூட வரும். புத்தகம் மட்டும் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், காளவாசலில் பாத்திரக்கடையில் குக்கருக்கு ரப்பர் வாங்கிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. நூலகரேதான்.

"மேடம், நாளைக்குக் காலையில வர முடியுமா? உங்களுக்குப் புத்தகம் எடுத்து வைக்கிறேன்."

எனக்கு ரோட்டுச் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டதோ என்று சந்தேகம். கடைக்குள் போய் நின்றுகொண்டு மறுபடி கேட்டேன். அவர் விளக்கினார். தர மதிப்பீட்டுக்காக வெளியிலிருந்து ஒரு கமிட்டி வருகிறது. மூன்று நாள் இருப்பார்கள். நாளை நூலகத்தைப் பார்க்கிறார்கள். ஆய்வாளர்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஒம்பதரைக்கெல்லாம் வந்துருங்க. காட்டன் சேலை கட்டிட்டு வாங்க, அதான் ரிசர்ச்சுக்குப் பொருத்தமா இருக்கும். உங்ககிட்ட கண்ணாடி இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"போட்டுக்கங்க."

பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காட்டன் சேலையும் கண்ணாடியுமாகப் போய் இறங்கினேன். கட்டடத்தை அடையாளம் தெரியவில்லை. வாசலில் பெரிய கோலம். சுவரில் பெயின்ட் ஈரம். மாடிப்படி நெடுகத் தொட்டிச் செடி. அந்த அறை வாசலில் புத்தம் புதிய பலகை தொங்கியது: 'அறிய நூல்கள் அறை'. தமிழ்த் துறையிலேயே கேட்டு எழுதியதாக நூலகர் பெருமையாகச் சொன்னார். அரிய என்பதற்கு எந்த ரி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் ஒருவர் அதை இரண்டு கோணத்தில் படம் எடுத்துவிட்டார்.

உள்ளே எனக்கு முன்பே ஏழெட்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் வணிகவியல் முதலாமாண்டுப் பிள்ளைகள். ஒருவர் விடுதி உணவகத்தில் டோக்கன் கிழிப்பவர், இஸ்திரி போட்ட சட்டையில் எங்களையெல்லாம்விடப் படித்தவராகத் தெரிந்தார். அட்டெண்டர் அக்காவையும் ஓர் ஓரத்தில் 'பொதுமக்கள்' என்று உட்காரச் சொல்லியிருந்தார்களாம்.

"பெஞ்சத் தொடைக்கிறதா, பெஞ்சுல ஒக்காருறதா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க சார்" என்று அக்கா கேட்டதில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர் ஏற்கெனவே இருந்தது. முந்தின நாள், அதற்கு முந்தின வாரம், அதற்கு முந்தின மாதம். வாரத்தில் மூன்று நாள் வந்து, பத்து மணி முதல் நான்கு மணி வரை படித்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நேரே என் கையெழுத்து. என்னுடையதைவிட அழகாக இருந்தது. அந்த வாசலிலிருந்து என்னைத் திருப்பியனுப்பிய நாட்களிலெல்லாம் நான் உள்ளேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"சார், இது..." என்றேன்.

"அதெல்லாம் ஃபார்மாலிட்டி மேடம்" என்றார். "என்ன புத்தகம் வேணும்? பழசா, பெருசா ஒண்ணு சொல்லுங்க. பாக்க எடுப்பா இருக்கணும்."

கோபம் தொண்டைவரை வந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி காதில் விழுந்ததும் கோபத்தை அப்படியே விழுங்கிவிட்டேன். சிவப்பு அட்டை நாட்குறிப்பைச் சொன்னேன். அவருக்கு அது எதுவென்று நினைவே இல்லை. "சிவப்பா? நல்லாருக்கும்" என்று அக்காவிடம் சாவியைக் கொடுத்தார்.

இரண்டு நிமிடத்தில் அது என் முன்னால் இருந்தது.

திறந்தேன். கறுப்பு மை பழுப்பாகியிருந்தது. சாய்வான, அவசரமான தமிழ் எழுத்து. அந்த டீச்சரம்மா யார், எந்த வீட்டுப் பெண் என்று எங்கேயும் இல்லை. தினமும் நாலு வரி எழுதியிருக்கிறார். இன்றைக்கு மழை, பிள்ளைகள் ஐந்து பேர். நாற்று நடவு, யாரும் இல்லை. இன்ன பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அவள் பலகையும் குச்சியும் பள்ளியிலேயே கிடக்கின்றன. நான் கமிட்டியை மறந்தேன், சேலையை மறந்தேன். பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் பக்கம் வந்தது. துரை பள்ளியைச் சோதிக்க வருகிறார் என்று சேதி வந்திருக்கிறது. பதிவேட்டில் முப்பது பேர், நிஜத்தில் பதினோரு பேர். டீச்சரம்மா பக்கத்துக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய்ப் பெண் பிள்ளைகளைக் கேட்டு வாங்கி வந்து, தலைசீவி, பலகையைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். எல்லோருக்கும் பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். துரை ஒரு குழந்தையிடம் பெயர் கேட்டிருக்கிறார். அது தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, டீச்சர் சொன்ன பெயர் மறந்துபோச்சு என்று அழுதிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே கமிட்டி நிற்கிறது.

தலைவர் வெளி மாநிலத்துக்காரர், வழுக்கைத் தலை, சாதுவான முகம். ஆங்கிலத்தில் கேட்டார், அவ்வளவு சுவாரஸ்யமா என்று. ஆமாம் என்றேன். எவ்வளவு நாளாக வருகிறீர்கள் என்றார்.

அவருக்குப் பின்னால் நூலகர் நின்றார். கண்ணில் இருந்தது மிரட்டலா கெஞ்சலா என்று சொல்ல முடியாது. என் கையில் சிவப்பு அட்டை. இன்னும் எழுபது பக்கத்துக்குமேல் பாக்கி.

"எட்டு மாதமாக வருகிறேன்" என்றேன். சத்தியமான வார்த்தை.

"கேட்ட புத்தகம் உடனே கிடைக்கிறதா?"

"இதைக் கேட்டேன், இரண்டு நிமிடத்தில் கொடுத்தார்கள்." அதுவும் சத்தியம்தான்.

தலைவர் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார். அறையின் மூலையில் அக்கா என்னையே பார்த்தபடி நின்றார். வகுப்பில் காப்பியடித்தால் பிடித்து வெளியே நிறுத்துகிற டீச்சர் நான். அன்றைக்குத் துரைக்கு முன்னால் பதிவேட்டுப் பெயரைச் சொல்லித் தப்பித்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அழுத குழந்தைக்கு என்னைவிட மானம் அதிகம்.

கமிட்டி பிரியாணிக்குப் போனது. வணிகவியல் பிள்ளைகள் கலைந்தார்கள். நூலகர் வந்து கையை நீட்டினார். "குடுங்க மேடம். நல்லாப் பேசுனீங்க. அவ்வளவுதான்."

"இன்னும் முடியலை சார்."

"கமிட்டி போயிருச்சே."

"நான் போகலையே சார்."

அவருக்குப் புரியவில்லை. நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். நாளன்றைக்குக் கமிட்டி ஆய்வாளர்களைத் தனியாகச் சந்திக்கிறது, துறையில் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே பதிவேட்டைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும் என்று மெதுவாகக் கேட்டேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

அவர் எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எத்தன நாள் வேணும்?"

"மூணு நாள்."

"போன்ல படம் எடுக்கக் கூடாது."

"சரி சார்" என்றேன். வாசலில் போனை வாங்கி வைக்கிற பெட்டியில் அன்று பூச்சாடி வைத்திருந்தார்கள். போன் என் பைக்குள் இருந்தது. அவர் சாப்பிடப் போனதும் அக்கா வந்து, "நான் வாசப்பக்கம் நிக்கிறேன், நீங்க பாட்டுக்கு எடுங்க டீச்சர்" என்றார். "அந்தக் கமிட்டி ஆளுகிட்ட அப்பவே உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?" என்றும் சேர்த்துக்கொண்டார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் படம் எடுத்தேன்.

இரண்டாம் நாள் நூலகர் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்படி என்னதான் மேடம் இருக்கு அதுல?"

இரவல் பிள்ளைகளின் கதையை வாசித்துக் காட்டினேன். குழந்தை அழுத இடத்தில் அவரும் சிரித்தார். உடனே முகம் மாறியது.

"அந்தம்மா ஏன் இதை எழுதி வெச்சாங்க?" என்றார். "எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

இருபது வருஷமாக நூறாயிரம் ஏடுகளைப் பூட்டிக் காத்த மனிதரின் கேள்வி அது. அவர் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

நூலகத்துக்குக் கமிட்டி உயர்ந்த மதிப்பெண் கொடுத்தது. இரண்டு வருஷம் கழித்து நான் ஆய்வேட்டை முடித்துச் சமர்ப்பித்தேன். அதில் பாதி அந்த டீச்சரம்மாதான். அங்கேதான் வினை வந்தது. ஆய்வேட்டைத் திருத்திய வெளியூர்ப் பேராசிரியை, கண்டிப்பானவர், இப்படி ஒரு நாட்குறிப்பு உண்டா என்று நூலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அப்படி எதுவும் எங்கள் சேகரிப்பில் இல்லை என்று நூலகர் முத்திரை வைத்துப் பதில் அனுப்பிவிட்டார்.

வாய்மொழித் தேர்வன்று அந்தக் கடிதத்தைப் பேராசிரியை எல்லோர் முன்னாலும் படித்தார். அரங்கத்தில் என் பள்ளித் தலைமையாசிரியை, என் வீட்டுக்காரர், என் மகள். போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். "படம் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். நோட்டு எங்கே?" என்றார் பேராசிரியை.

நூலகர் கடைசி வரிசையில் இருந்தார். யாரும் வரலாம் என்ற பொது வாய்மொழித் தேர்வு, டீயும் சமோசாவும் உண்டு, வந்திருந்தார். எழுந்து விளக்கினார். கமிட்டிக்காகப் புது இருப்புப் பட்டியல் போட்டார்களாம். கையெழுத்து நோட்டுகளுக்கு விலையும் இல்லை, பதிப்பாளரும் இல்லை, கம்ப்யூட்டர் அந்தக் கட்டங்களைக் காலியாக விட ஒத்துக்கொள்ளவில்லையாம். அதனால் அவற்றை ஏற்றவில்லை. "பட்டியல்ல இல்லேன்னா இல்லேன்னுதானே மேடம் எழுத முடியும்?"

பேராசிரியை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

அரங்கமே கிளம்பியது. வெயிலில் மைதானத்தைக் கடந்து, படியேறி, அந்தப் பலகையின் கீழே போய் நின்றோம். பேராசிரியை பலகையை அண்ணாந்து பார்த்தார். நூலகர் சட்டைப் பையைத் தடவி, "சாவி ஆபீஸ்ல இருக்கும்... ஆளு லீவு..." என்று ஆரம்பித்தார்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. தூசி தட்டும் துணியோடு அக்கா. எங்கள் கூட்டத்தைப் பார்த்தார், வியர்த்திருந்த என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தெற்குச் சுவர் அலமாரியின் மூன்றாம் தட்டிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து வந்து பேராசிரியையின் கையில் கொடுத்தார்.

"இதத்தான தேடுறீக?"

பேராசிரியை அங்கேயே நின்று நாலைந்து பக்கம் படித்தார். ஒரு முறை லேசாகச் சிரித்தார். நூலகர் எட்டிப் பார்த்து, "பட்டியல்ல இல்லாதது இங்க எப்படி வந்துச்சு?" என்றார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

பட்டம் கிடைத்தது. சமோசாவைக் கடித்தபடி நூலகர் வந்து வாழ்த்தினார். "நம்ம லைப்ரரி மட்டும் இல்லாட்டி இந்த ஆராய்ச்சியே கிடையாது மேடம்" என்றார். அதை மறுக்க என்னால் முடியவில்லை.

பேராசிரியை மேலே எழுதிப்போட்டதால் நாட்குறிப்பைப் பட்டியலில் சேர்த்தே ஆகவேண்டியதாயிற்று. சேர்த்த தேதியையே நோட்டு வந்த தேதியாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அதனால் நூறு வயதைத் தாண்டிய அந்த நோட்டு இப்போது கீழ்த்தளத்தில் 'புதிய வரவுகள்' கண்ணாடிப் பெட்டிக்குள், வங்கித் தேர்வு வழிகாட்டிக்கும் கோழி வளர்ப்புக் கையேட்டுக்கும் நடுவில், விரித்து வைக்கப்பட்டிருக்கிறது.

போன மாதம் போயிருந்தேன். இரண்டு கல்லூரிப் பெண்கள் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசியாகப் பார்த்ததற்கு நாலு பக்கம் தள்ளி விரிந்திருந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"ஒரே பக்கத்த எம்புட்டு நாளைக்குப் பாக்குங்க பிள்ளைக?" என்றார் அக்கா. "திங்கக்கிழமை திங்கக்கிழமை பெட்டியத் தொடைக்கணும்ல. அப்ப ஒண்ணு திருப்பி விட்டுருவேன்."